கதையைப் பார்த்துவிட்டால் போதாதா? மர்ம விளையாட்டுகள் பற்றி ஒரு விவாதம்

2024 மே 26, மாலை (பண்டாரவளை வாசகரின் கேள்வி)

கொலையாளி யார், காணாமற்போனவர் எங்கே என்று கதை சொல்லும் விளையாட்டுகளை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? பத்து மணித்தியாலம் மவுஸைத் தட்டி நான் போய்ச் சேருகிற முடிவை யூடியூபில் இரண்டு மணித்தியாலத்தில் பார்த்துவிடலாம். துப்பாக்கி விளையாட்டில் கைவேகம் இருக்கிறது. கார்ப் பந்தயத்தில் வளைவு இருக்கிறது. இதில் என்ன இருக்கிறது? மவுஸைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற படம், அவ்வளவுதான். முடிந்தால் மறுத்துச் சொல்லுங்கள்.

மே 26, இரவு 10.40

மறுக்கிறேன்.

மர்ம விளையாட்டு எதுவாக இருந்தாலும் நான் அதை ஒரே கேள்வியால்தான் அளப்பேன். எனக்கு விடை தெரிந்துவிட்டது என்பதை அது எப்படித் தெரிந்துகொள்கிறது? பாதி விளையாட்டுகளுக்கு இதற்குப் பதில் கிடையாது. திரையில் மின்னுகிற பொருளையெல்லாம் தட்டுகிறோம், கடைசியில் துப்பறிகிறவர் வாயைத் திறந்து எல்லாவற்றையும் அவரே சொல்லிவிடுகிறார். அந்த வகைக்கு உங்கள் குற்றச்சாட்டு அப்படியே பொருந்தும். அதற்கு யூடியூபே போதும், யூடியூபும் வீண்.

லூக்காஸ் போப் 2018இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் த ஒப்ரா டின்’ அப்படி இல்லை. காலம் 1807. ஆளில்லாமல் திரும்பி வந்த ஒரு கப்பலுக்குள் கிழக்கிந்தியக் கம்பனியின் காப்புறுதிப் பரிசோதகராக ஏறுகிறோம். கையில் ஒரு சட்டைப்பைக் கடிகாரம். பிணத்தருகே அதைத் திறந்தால் அந்த மனிதர் செத்த நொடி உறைந்த காட்சியாக எழுந்து நிற்கும். அதற்குள் நடந்து பார்க்கலாம். எதையும் தொட முடியாது. கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார், யாரால் ஆனார் என்று ஒரு புத்தகத்தில் நிரப்ப வேண்டும். மூன்று பேருடைய விவரம் சரியாக இருந்தால்தான் அந்த மூன்றையும் அச்சுப் போல உறுதி செய்யும். ஒன்று சரி, இரண்டு சரி என்றெல்லாம் வாய் திறக்காது. குருட்டாம்போக்கில் ஒரு பெயரைப் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசைக்கு அங்கேயே பூட்டு விழுந்துவிடுகிறது.

‘த கேஸ் ஆஃப் த கோல்டன் ஐடல்’ (2022) வேறு வழியில் போகிறது. காட்சியிலிருந்து சொற்களைப் பொறுக்கி, ஓட்டை விழுந்த வாக்கியங்களில் பொருத்த வேண்டும். இன்னார், இன்னாரை, இன்ன பொருளால், இன்ன காரணத்துக்காக. இரண்டு அல்லது அதற்குக் குறைவான இடங்களில்தான் பிழை என்ற நிலைக்கு வந்தபிறகு மட்டும் அதைச் சொல்லும். கேட்டதும் நிம்மதியாக இருக்கும். எந்த இரண்டு என்று தேடத் தொடங்கியதும் நிம்மதி போய்விடும்.

படம் பார்ப்பவனுக்கு இந்த இக்கட்டு வராது. தனக்குப் புரிந்துவிட்டதாக அவன் நினைத்துக்கொள்வான். நினைத்தது சரியா என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை.

மே 27, காலை

இரவில் எழுதியதில் ஒரு திருத்தம். குருட்டாம்போக்குக்குப் பூட்டு என்றேன். ‘ஒப்ரா டின்’னில் அந்தப் பூட்டுக்குக் கள்ளச் சாவி உண்டு. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், வெட்கமான கதை.

ஜூன் 1

தலவாக்கலை நண்பர் கேட்கிறார்: எந்த மர்ம விளையாட்டில் அதிக நாள் சிக்கிக் கிடந்தீர்கள்?

எட்டு மாதம். ஒரு ஆட்டிடம்.

பள்ளிக்கூடத்துக் காலத்தில் ஹட்டன் டவுனில் ஒரு கடையிலிருந்து களவாகப் பதிந்த சீடி ஒன்று கிடைத்தது. மேலே பேனாவால் எழுதிய பெயர் மட்டும். அட்டைப்பெட்டியும் இல்லை, விளக்கப் புத்தகமும் இல்லை. உள்ளே இருந்தது 1996இல் வந்த ‘புரோக்கன் சோர்ட்’. பாரிஸில் ஒரு காப்பிக் கடையில் குண்டு வெடிக்கிறது, கோமாளி வேடத்தில் வந்தவன் தப்பி ஓடுகிறான், அதைத் துரத்தத் துரத்தக் கதை நூற்றாண்டுகள் பின்னால் போகிறது. என் ஆங்கிலம் அப்போது பாடப்புத்தகத்தைத் தாண்டவில்லை. ஒரு கையில் மவுஸ், மறு கையில் அகராதி. அயர்லாந்தில் ஒரு பாழடைந்த கோட்டைக்குள் போனேன். அங்கே ஒரு ஆடு கட்டப்பட்டிருந்தது. அதைத் தாண்டினால்தான் அகழ்வு நடந்த இடம். தாண்டப் போனால் முட்டித் தள்ளும். எழுந்து மீண்டும் போனால் மீண்டும் முட்டும். பையில் இருந்த சாமான்களை எல்லாம் அதனிடம் காட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டு.

கேட்பதற்கு ஆள் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் அந்தக் கணினி இருந்ததே ஒரு வீட்டில்தான், அதுவும் என் வீடு இல்லை. இணையம் என்றால் டவுனுக்குப் போய், கொமியூனிகேஷன் கடையில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஆட்டுக்காக நான் பஸ் காசு செலவழிக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் கணினியை விற்றபோது ஆடு அங்கேயே நின்றது.

பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது, உலகம் முழுவதும் அந்த ஆட்டிடம் முட்டு வாங்கியிருக்கிறார்கள். அதுவரை அந்த விளையாட்டில் அவசரம் என்பதே கிடையாது. தேநீர் குடித்துவிட்டு வந்து யோசிக்கலாம். அந்த ஒரு இடத்தில் மட்டும், விழுந்து எழும் நேரத்துக்குள் சட்டென்று ஒரு காரியம் செய்ய வேண்டும். விதியை மாற்றிவிட்டு, மாற்றியதைச் சொல்லாமல் விட்டார்கள். என்ன காரியம் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஜூன் 2

ஆட்டுக்கே இப்படிச் சலித்துக்கொள்கிறீர்களே, பூனையைப் பார்த்ததில்லையா என்று ஒருவர்.

பார்த்தேன். 1999இல் வந்த மூன்றாவது ‘கேப்ரியல் நைட்’. இன்னொருவர் பெயரில் மோட்டார் சைக்கிள் எடுக்க வேண்டும். அதற்குப் பூனையின் மயிரை ஒட்டு நாடாவில் பிடித்து, இனிப்புப் பாகில் ஒட்டி, மீசை செய்ய வேண்டும். யார் வேடத்துக்காக மீசையோ அந்த ஆளுக்கு மீசை கிடையாது. ஆகவே அவருடைய கடவுச்சீட்டுப் படத்திலும் மீசை வரைய வேண்டும். இதை யோசித்தவர் எந்த நேரத்தில் யோசித்தாரோ.

ஜூன் 8

இந்தச் சனியன் எங்கே தொடங்கியது என்று வெலிமடைத் தம்பி கேட்டதால் கொஞ்சம் பழைய கதை.

முதலில் எழுத்து மட்டும். வில் கிரவுதர் என்ற அமெரிக்கர் 1970களின் நடுவில் கென்டக்கியின் மாமத் குகையை நினைத்து ஒரு சாகச விளையாட்டை எழுதினார். அவர் அந்தக் குகைக்குள் இறங்கி வரைபடம் எடுத்தவர். ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்று தட்டினால் பதில் வரும். 1980இல் ரொபெர்ட்டா வில்லியம்ஸும் கணவர் கென்னும் ‘மிஸ்டரி ஹவுஸ்’ செய்தார்கள். வீட்டுக்குள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், நாம் கொலையாளியைத் தேட வேண்டும். படத்தோடு வந்த முதல் சாகச விளையாட்டு அதுதான். படம் என்றால் குழந்தை கிறுக்கியது போலக் கோடுகள்.

எனக்குப் பிடித்தது 1982இல் இன்ஃபோகாம் நிறுவனம் வெளியிட்ட ‘டெட்லைன்’. சொல்ல வேண்டியதெல்லாம் வட்டில் அடங்கவில்லை. ஆகவே விசாரணை அறிக்கை, ஆய்வுகூடக் குறிப்பு, மாத்திரைப் பொட்டலம் என்று கையில் பிடிக்கிற தடயங்களைப் பெட்டிக்குள்ளேயே போட்டு விற்றார்கள். களவு சீடி வாங்கிய எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பாடம் காலம் தாழ்த்திக் கிடைத்தது: பெட்டி இல்லாமல் வாங்கினால் பாதித் தடயம் இல்லை.

ஜப்பானில் யூஜி ஹோரி 1985இல் ‘போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு’ செய்தார். கோபே நகரில் நடக்கிற கதை.

ஜூன் 9

தவறு. 1985 என்பது நின்டெண்டோவின் ஃபேமிகாம் விளையாட்டுப் பெட்டிக்கு வந்த பதிப்பு. கணினிக்கு வந்தது 1983இல். கணினியில் சொல்லைத் தட்டி விசாரித்தார்கள், ஃபேமிகாமில் விசைப்பலகை இல்லாததால் பட்டியலிலிருந்து தெரிவு செய்யும்படி மாற்றினார்கள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. அந்த மாற்றம் சின்ன விஷயம் இல்லை. சொல்லை நானே தட்டும்போது நான் கேட்ட கேள்வி. பட்டியலில் பார்த்துத் தொட்டால் அவர்கள் கேட்கச் சொன்ன கேள்வி.

ஜூன் 21, பொசன் போயா

லீவு நாள். விடியலிலிருந்து மழை, தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் ஹெட்போன் இல்லாமல் ஒன்றும் கேட்காது. அடுப்பங்கரையில் பலகையைப் போட்டு மடிக்கணினியை வைத்துக்கொண்டு ‘ஒப்ரா டின்’னை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். (விளையாடப் போகிறவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம். ஒரு நல்ல தடயத்தை உடைக்கப் போகிறேன்.)

அம்மா பக்கத்தில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். 31 வருடம் கொழுந்து பறித்தவர். ஆங்கிலம் தெரியாது, விளையாட்டும் தெரியாது, பிணம் என்றால் மட்டும் எட்டிப் பார்ப்பார். இந்த விளையாட்டில் பிணத்துக்குப் பஞ்சமில்லை.

எல்லோரும் சிக்குகிற இடத்தில் நானும் சிக்கியிருந்தேன். பாய்மரத்தில் ஏறி வேலை செய்கிறவர்களில் சீனர்கள் சிலர் இருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலில் அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன, கூட்டமாக வரைந்த சித்திரத்தில் அவர்களுடைய முகங்கள் இருக்கின்றன. எந்தப் பெயருக்கு எந்த முகம்? யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. திரையில் அப்போது ஆட்கள் தூங்குகிற தளம். தூளி போலத் தொங்கும் படுக்கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம். ஆட்கள் போர்த்திக்கொண்டு கிடக்கிறார்கள். நான் முகம் தெரிகிறதா என்று ஒவ்வொரு படுக்கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மாவுக் கையோடு திரையைப் பார்த்தார். “முகத்தில் என்ன தேடுகிறாய்? காலைப் பார்.”

போர்வைக்கு வெளியே கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் வேறு வேறு செருப்பு.

“மழை நாளில் எல்லோரும் தலையில் கொங்காணியும் இடுப்பில் படங்கும் கட்டிக்கொண்டு நின்றால் ஒருத்தி முகமும் தெரியாது. எந்த நிரையில் யார் நிற்கிறாள் என்பதைக் காலைப் பார்த்துத்தான் சொல்லுவோம். அட்டை கடிக்காமல் காலில் சவர்க்காரம் பூசுவதில்கூட ஆளுக்கு ஆள் அளவு வேறு.”

அந்தப் படுக்கை இலக்கமும் பெயர்ப் பட்டியலின் இலக்கமும் ஒன்றே. செருப்பை நினைவில் வைத்துக்கொண்டு, வேறொரு சாவுக் காட்சியில் அதே செருப்போடு ஓடுகிற ஆளைப் பிடிக்க வேண்டும். லூக்காஸ் போப் ஒளித்து வைத்த தடயங்களில் நுட்பமானது என்று ஊரே கொண்டாடுகிற இடம் இது. முதல் தடவை நான் அதைக் கண்டுபிடிக்கவேயில்லை, ஒரு காணொளியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்தத் தடவை தெரிந்திருந்தும் மறந்துபோய் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்று பெயரும் உறுதியானபோது வருகிற இசையைக் கேட்டு, “என்ன, சம்பளம் போட்டுவிட்டார்களா?” என்றார்.

ஜூன் 23

அம்மா கதைக்கு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அதோடு சேர்த்து ஒன்று.

‘ஒப்ரா டின்’னை நான் ஏன் மூன்று தடவை விளையாடினேன் என்பது இப்போதுதான் எனக்கே விளங்குகிறது. பெயர், முகம், கதி மூன்றையும் ஒன்றோடொன்று சேர்ப்பது எங்கள் வீடுகளில் விளையாட்டாக இருந்ததே இல்லை. லட்சுமி என்று வைத்த பெயர் செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் லெச்சுமி, பிறப்புப் பதிவில் லெட்சுமி, அடையாள அட்டையில் வேறு மொழி வழியாகப் போய் வந்து இன்னொன்று. ஒரே ஆள், காகிதத்தில் மூன்று ஆள். அம்மாவின் ஓய்வுப் பணத்துக்காக, இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று ஓர் அலுவலகத்தில் நிரூபிக்க நானும் ஒன்றரை வருடம் அலைந்தேன். சத்தியக் கடதாசி, தோட்டத்துக் கடிதம், கிராம சேவகர் கடிதம். மூன்று காகிதமும் ஒருசேரச் சரியாக இருந்தால்தான் அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். ஒன்று சரி, இரண்டு சரி என்று அங்கேயும் வாய் திறக்க மாட்டார்கள்.

அங்கே இசையும் இல்லை.

ஜூன் 30

பண்டாரவளைக்காரர் மசியவில்லை. “உங்கள் அம்மா விளையாடவில்லை, பார்த்தார். பார்த்தே கண்டுபிடித்தார். என் பக்கம்தான் சாட்சி” என்கிறார்.

நல்ல அடி. இரண்டு நாள் பதில் தோன்றவில்லை.

ஆகவே ஒரு சோதனை செய்தேன். அக்கா மகன் லீவுக்கு வந்திருக்கிறான், வயது 15. அவனை ‘கோல்டன் ஐடல்’ முழுவதையும் முதலில் காணொளியில் பார்க்க வைத்தேன். இரண்டு நாள் கழித்து விளையாட்டைக் கையில் கொடுத்தேன். கதை அவனுக்கு மனப்பாடம். சிலை எங்கிருந்து வந்தது, யார் யாரை ஏமாற்றினார்கள், எல்லாம் ஒப்பித்தான். ஆனால் நடுவில் ஒரு விருந்துக் காட்சியில், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் திணறினான். “மாமா, அவர் சொன்னாரே, இவர்தான் அது என்று” என்று காணொளிக்காரரையே சாட்சிக்கு இழுத்தான். ஏன் இவர்தான் அவர் என்று கேட்டேன். பதில் இல்லை. காணொளியில் அந்த இடம் 20 விநாடியில் ஓடிப்போயிருந்தது.

ஒரு பையனை வைத்து உலகத்தை அளக்கக் கூடாது, தெரியும். இருந்தாலும் அம்மா விஷயத்துக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. அவர் பார்த்தது அவிழாத காட்சியை. நானும் திணறிக்கொண்டுதான் இருந்தேன். யூடியூப்காரர் உங்களுக்குக் காட்டுவது அவிழ்த்து மடித்து வைத்த காட்சியை. மவுஸ் யார் கையில் இருக்கிறது என்பது பெரிய விஷயம் இல்லை, முடிச்சு அவிழாமல் இருக்கிறதா என்பதுதான் விஷயம். இந்த அளவுக்கு என் முதல் குறிப்பிலிருந்து இறங்கி வருகிறேன்.

ஜூலை 6

‘டிஸ்கோ எலிசியம்’ பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் மர்ம விளையாட்டு பற்றி எழுதுகிறீர்களா என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது.

வேண்டுமென்றேதான் ஒதுக்கி வைத்தேன். அது என் அளவுகோலை உடைக்கிறது. 2019இல் வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், சண்டைக் காட்சி என்று தனியாக ஒன்று கிடையாது. குடித்துவிட்டுத் தன் பெயரையே மறந்துபோன ஒரு துப்பறிவாளர், மரத்தில் தொங்கும் ஒரு பிணம். அவருடைய தலைக்குள் 24 குணங்கள் ஆளுக்கொரு பேச்சாகப் பேசுகின்றன. எதையாவது சாதிக்க வேண்டுமென்றால் இரண்டு தாயக் கட்டைகளை உருட்ட வேண்டும். தோற்றாலும் கதை நிற்காது, வேறு பக்கம் திரும்பும், பல நேரம் தோல்விதான் சுவை. நீ சரியாகக் கண்டுபிடித்தாயா என்று அது எங்கேயும் சோதிப்பதில்லை.

ஆனாலும் 14 இரவுகள் என்னை அது தூங்கவிடவில்லை. காரணம் பிணம் இல்லை, துறைமுகம். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடக்கிறது. ஒரு பக்கம் தொழிற்சங்கம், ஒரு பக்கம் கம்பனி. கம்பனித் தரப்பில் பேச வந்த பெண் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்! சங்கத் தலைவர் எவ்வளவு அன்பாகச் சிரிக்கிறார்! இருவரில் யாரை நம்புவது என்று விளையாடுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். தோட்டத் தொழிலாளிக்கு நாளுக்கு 1,700 ரூபாய்ச் சம்பளம் என்று இந்த வருடம் மேடைக்கு மேடை கேட்ட பேச்சு காதில் இருக்கும்போது அதை விளையாடினேன். தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. சிரித்தேன்.

தலைவரின் அறையில் விருந்தாளிக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் உடம்பு வலிக்கும், உயிர்ப் புள்ளியே குறையும், அப்படி ஒரு நாற்காலி. வருகிறவனை மட்டம் தட்டச் செய்த ஏற்பாடு. என் அப்பா தோட்டத்தில் சங்கத் தலைவராக இருந்தவர். தோட்ட அலுவலகத்துக்குப் போனால் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார். மழை பெய்தால் கூரையின் ஓரத்துக்கு ஒதுங்கி, தலையை மட்டும் நீட்டிப் பேசுவார். அந்த நாற்காலியைப் பார்த்ததும் அப்பாவுக்குக் காட்ட வேண்டும்போல இருந்தது. வலித்தாலும் ஒரு நாற்காலி. அப்பா இப்போது இல்லை.

ஜூலை 7

“கொலையாளியை நியாயமாக ஊகிக்க முடியாத கதை, மர்மக் கதையே இல்லை” என்று நுவரெலியாவிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்.

சட்டப்படி அவர் சொல்வது சரி. ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். முதல் விதியே, குற்றவாளி கதையின் முற்பகுதியில் தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது. ‘டிஸ்கோ எலிசியம்’ அதை

ஜூலை 7, பத்து நிமிடம் கழித்து

மேலே இருந்த வாக்கியத்தின் மீதியை அழித்துவிட்டேன். இன்னும் விளையாடாதவர்கள் என்னைக் கொல்ல வந்தால் அதில் மர்மம் ஒன்றும் இருக்காது.

ஜூலை 20

‘ஹெர் ஸ்டோரி’ பற்றி எழுத மறந்துவிட்டேன். சாம் பார்லோ, 2015. பழைய கணினித் திரை ஒன்றுதான் மொத்த விளையாட்டும். 1994இல் ஒரு பெண்ணைப் பொலிஸார் பல நாள் விசாரித்த ஒளிப்பதிவு 271 துண்டுகளாகக் கிடக்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் அவள் அந்தச் சொல்லைச் சொன்ன துண்டுகள் வரும். ஆனால் எத்தனை இருந்தாலும் முதல் ஐந்தை மட்டும் பார்க்கலாம். ஆகவே பொதுவான சொல்லால் பயனில்லை. அவள் எப்போதோ ஒரு தடவை சொன்ன அரிய சொல்லைப் பிடிக்க வேண்டும். அந்த ‘ஐந்து’தான் முழு விளையாட்டும், மற்றதெல்லாம் நடிப்பு. நடிப்பும் நன்றாக இருக்கிறது.

தமிழனுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை உண்டு. கதையில் கண்ணாடி முக்கியம் என்று ஓரிடத்தில் மோப்பம் பிடித்தேன். நமக்குக் கண்ணாடி என்றால் ஒரே சொல். முகம் பார்ப்பதும் அதுதான், ஜன்னலில் இருப்பதும் அதுதான், மூக்கில் மாட்டுவதும் அதுதான். நான் ‘கிளாஸ்’ என்று தட்டிவிட்டு, வந்ததைப் பார்த்துவிட்டு, அந்தக் கதவு முடிந்தது என்று நினைத்து வேறு பக்கம் போய்விட்டேன். ‘மிரர்’ என்ற சொல் இரண்டு நாள் கழித்து, சலூனில் முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது எதிரே இருந்ததைப் பார்த்து ஞாபகம் வந்தது. பாதி முடியோடு எழுந்து ஓடவில்லை. ஆனால் நினைத்தேன்.

முடிவில், உனக்குப் புரிந்ததா என்று மட்டும் கேட்கும். ஆம் என்றால் போகலாம். சோதனை கிடையாது. என் அளவுகோலின்படி இது தோற்க வேண்டிய விளையாட்டு. தோற்கவில்லை. அளவுகோலை இன்னும் கொஞ்சம் வளைக்கிறேன்: விடையைக் கேட்காவிட்டால், கேள்வியையாவது என்னைக்கொண்டு கேட்க வைக்க வேண்டும். ஜூன் 9 குறிப்பில் போர்ட்டோபியா பற்றி எழுதியது இதுவேதான், அப்போது எழுதுவது என்ன என்று தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

கேட்கத் தெரியாத விளையாட்டுக்கு உதாரணம் ‘எல்.ஏ. நொய்ர்’ (2011). நடிகர்களின் முகத்தை 32 கெமராக்களால் பிடித்து, பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்து நம்மையே சொல்ல வைத்தார்கள். உண்மை, சந்தேகம், பொய் என்று மூன்று தெரிவு. சந்தேகம் என்று மெதுவாகத் தொட்டால் நம் ஆள் மேசையில் அடித்துக் கத்துவான். 2017இல் மறுபடி வெளியிட்டபோது அந்த மூன்று பெயர்களையும் மாற்றினார்கள். கத்துவது நிற்கவில்லை.

ஜூலை 28

நம் மலையில் நடக்கிற மாதிரி ஒரு மர்ம விளையாட்டு செய்தால் எப்படி என்று பேச்சு போகிறது. பங்களா, பனி, வெள்ளைச் சேலைப் பேய் என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். பேய் வேண்டாம். பேய் வந்தால் தடயம் செத்துவிடும்.

எனக்கு ஒரு யோசனை உண்டு. பதுளைக்குப் போகும் இரவு ரயில். மலைப் பாதை ஒற்றைத் தண்டவாளம். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு ரயில்தான் இருக்கலாம் என்பதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு டெப்லட் கொடுப்பார். வளையத்தில் தொங்கும் பை, அதற்குள் உலோக வில்லை. (கைக்கணினி என்று நினைத்துச் சிரிக்க வேண்டாம், இந்தப் பெயர் அதைவிடப் பழையது.) அந்த வில்லை கையில் இல்லாமல் ரயில் நகராது. ஒரு வில்லை ஒரே நேரத்தில் இரண்டு கையில் இருக்காது. இதைவிட நல்ல சாட்சி எந்தத் துப்பறிவாளருக்குக் கிடைக்கும்? பட்டிப்பொலை ஸ்டேஷனில் வில்லையைக் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், நடுவில் யார் இறங்கினார். தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி, சற்றுமுன் தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் போகும். மேலே இறங்கிய ஒருவன் மலைச்சரிவில் ஓடி, கீழே அதே ரயிலை மறுபடி பிடிக்கலாம் என்றால்? பெட்டியை விட்டு அவன் நகரவேயில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள்.

யாராவது செய்யுங்கள். எனக்குக் கணினி நிரல் எழுதத் தெரியாது. கண்டுபிடிப்புக்குக் காசு வேண்டாம், தமிழில் செய்தால் போதும்.

தமிழில் என்றதும் ‘வெண்பா’வைச் சொல்கிறீர்கள். விளையாடினேன். 2023, டொரொண்டோவில் செய்தது. 1988இல் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். இந்த வருடம் அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் கிடைத்தது. கொலை இல்லை, ஆனால் கறைபட்டுக் கிழிந்த சமையல் குறிப்பேட்டில் விடுபட்டதை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும், அது துப்பறிதல்தான். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதில் நான் தோற்றேன். எங்கள் வீட்டில் அன்றாடம் ரொட்டியும் சம்பலும், இட்லி தீபாவளிக்குத்தான். அது என் சாக்கு.

ஆகஸ்ட் 4

பண்டாரவளைக்காரர் சொல்வதில் இன்னொரு பாதியையும் ஒப்புக்கொள்ள வந்தேன், ஒப்புக்கொள்ள முடியவில்லை.

‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்’ (2017). ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்று வீட்டுக்குள் நடந்து தெரிந்துகொள்கிற கதை. கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, நடந்தால் போதும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு இருந்த நாட்களில், தொலைபேசியில் மிச்சமிருந்த சார்ஜில் இதைக் காணொளியாகத்தான் பார்த்தேன். பார்த்தாகிவிட்டது, இனி வாங்க வேண்டாம் என்று இருந்தேன். போன வாரம் ஒரு நண்பர் கணினியில் கிடைத்தது, விளையாடினேன்.

மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவனின் பகுதி இருக்கிறது. ஒரு கையால் மீனை எடுத்துக் கத்திக்குக் கொடுத்து, தலையை வெட்டி, தள்ள வேண்டும். மறு கையால், அவன் மனதுக்குள் கட்டிய ஒரு ராச்சியத்தில் அவனை நடத்த வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில். கொஞ்ச நேரத்தில் மனதின் ராச்சியம் திரை முழுவதும் பரவிவிடும். மீன் வெட்டுகிற கை மட்டும் நாம் சொல்லாமலே போய்க்கொண்டிருக்கும்.

நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஏழு மாதம் இரவு வேலை செய்தேன். வாடப்போட்ட கொழுந்தைக் கையால் உதறிப் பரத்துகிற வேலை. இரண்டாவது வாரத்திலிருந்து கை தானாகப் போகும். நான் அந்தக் கோட்டையில், அந்த ஆட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். காணொளியில் பார்த்தபோது இதெல்லாம் ஞாபகம் வரவில்லை. கை சும்மா இருந்தது.

ஆகஸ்ட் 10

மே 27இல் சொன்ன கள்ளச் சாவி. ‘ஒப்ரா டின்’னில் இரண்டு பேரைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்திருந்தால், மூன்றாவது இடத்தில் மிச்சமிருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போடலாம். எது சரியோ அதில் மூன்றும் உறுதியாகிவிடும். முதல் தடவை பாய்மரத்துச் சீனர்களை நான் அப்படித்தான் முடித்தேன். செருப்பு எதையும் பார்க்கவில்லை. முடித்ததும் எழுத்துக்கள் பதிந்தன, இசை வந்தது, எனக்கு வந்தது எரிச்சல்தான். ஏமாற்றியது யாரை?

அம்மாவிடம் இதைச் சொன்னேன். “எடை கூடத் தராசில் தண்ணீர்க் கொழுந்தை வைத்த மாதிரி” என்றார்.

ஆகஸ்ட் 17

பண்டாரவளைக்காரர் ‘கோல்டன் ஐடல்’ வாங்கிவிட்டார். மூன்றாவது காட்சியில் நிற்கிறாராம், உதவி கேட்கிறார். யூடியூபில் பாருங்கள் என்றேன். பார்க்க மாட்டாராம்.

இங்கே அம்மா அடுத்த விளையாட்டு எது என்று கேட்டார். ‘புரோக்கன் சோர்ட்’டை எடுத்து, இந்தத் தடவை காசு கொடுத்து வாங்கியது, நேரே அயர்லாந்துக் கோட்டைக்குக் கொண்டுபோனேன். விடை எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் ஒரு தடவை முட்டு வாங்கிக் காட்டினேன். பக்கத்தில் கிடந்த பழைய உழவுச் சாமானை அம்மா விரலால் காட்டினார்.

“கயிற்றோடுதானே நிற்கிறது. அது உன்னை முட்டிவிட்டு நிமிர்வதற்குள் கயிற்றை இதில் சிக்க வைத்துவிட்டுப் போ. ஆடு வளர்த்த வீட்டில் பிறந்து இதுகூடத் தெரியாதா?”